சவுக்கு மரமும் கவாத்தும்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் நாட்டுப் பழமொழி. மரம் வைத்தவன் உரிய காலத்தில் கத்தியும் எடுக்க வேண்டும் என்பதை அனுபவம் சொல்லுகிறது. முத்தாண்டிக்குப்பம் வட்டாரத்தில் சவுக்கு பயிரிட்டுள்ள அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அடுத்தடுத்த இரண்டு கொல்லைகளில் ஒரே மழைக்குச் சவுக்கு வைத்தோம். ஒருவருடையது கம்பாக விலை போயிற்று. மற்றவருடையது விறகாக எடை போயிற்று. இதற்குக் காரணம் யாது?” நிலத்திலும் நீரிலும் நாற்றிலும் வேற்றுமை இருக்கலாம். ஆயினும் பெரும்பாலான இடங்களில் நாம் கண்ட காரணம், முதல் இரண்டு ஆண்டுகளில் செய்யப்பட்ட கவாத்து, அல்லது செய்யப்படாத கவாத்தேயாகும். ஆகவே இம்மாதப் பாடமாக அதனையே எடுத்துக் கொள்ளுகிறோம். நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டைச் சுற்றிச் சவுக்கு உயிர்வேலி அமைக்கும் முறையையும் பின்னால் கூறியிருக்கிறோம்.

நமக்கு ஏன் சவுக்கு?

நெய்வேலியை அடுத்த நம் செம்மண் நிலம் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர் போனது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயல், அந்த முந்திரித் தோப்புகளையும் பலாமரங்களையும் ஒரே நாளில் சாய்த்ததை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. பாட்டன் வைத்த பலா வீழ்ந்தால் பேரன் காலத்தில்தான் அதற்கு ஈடான மரம் கிடைக்கும். சவுக்கும் புயலுக்குத் தப்பிய மரமன்று. அதுவும் ஒடிந்தது, சாய்ந்தது. ஆனால் சவுக்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் வெட்டுக்கு வந்துவிடும். இழந்தவன் மறுபடியும் நட்டு, ஐந்தாண்டுக்குள் எழுந்து நிற்கலாம். எல்லா நிலத்தையும் ஒரே மரத்துக்குக் கொடுக்காமல், ஒரு பகுதியைச் சவுக்குக்கு ஒதுக்குவது இந்த வகையில் விவேகமாகும்.

சவுக்கு நம் மாவட்டத்துக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கடற்கரைகளே இதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது, சென்னையை அடுத்த கடற்கரை மணலில் இதனைத் தோப்பாக வளர்த்தார்கள். எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறின. பின்னர் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறின. சவுக்கு மட்டும் குடியானவன் கையிலேயே தங்கிவிட்டது. சாரம் கட்டவும், பந்தற்கால் நாட்டவும், வாழைக்கு முட்டுக் கொடுக்கவும், அடுப்பெரிக்கவும் அது பயன்படுகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை போன்றவை, காகிதக் கூழுக்காகவும் சவுக்கை வாங்குகின்றன.

மரத்தின் இயல்பு

கவாத்து செய்யப் புகுமுன் மரத்தின் இயல்பை அறிய வேண்டும். சவுக்கில் ஊசிபோல் தொங்குபவை இலைகள் அல்ல. அவை பசுமையான மெல்லிய தண்டுகள். அவற்றை இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் சுற்றியிருக்கும் நுண்ணிய செதில்களே உண்மையான இலைகள். மரத்துக்கு உணவு சமைப்பவை இப்பச்சைத் தண்டுகளேயாதலால், கிளையை வெட்டுவது மரத்தின் அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும். எத்தனை அடுப்பை அணைக்கலாம் என்ற கணக்கே கவாத்தின் கணக்கு.

இரண்டாவதாக, சவுக்கு வெயில் விரும்பி. நிழலில் அகப்பட்ட கீழ்க்கிளைகள் தாமாகவே காய்ந்துவிடும். மூன்றாவதாக, வேர்களில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் ‘பிராங்கியா’ என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகிறது. வளம் குறைந்த மணலிலும் செம்மண்ணிலும் சவுக்கு வளர்வதன் இரகசியம் இதுவே. நான்காவது இயல்பு மிக முக்கியமானது. நாட்டுச் சவுக்கின் முதிர்ந்த கட்டையில் வெட்டினால் அது எளிதில் மறுபடி துளிர்ப்பதில்லை. வேம்பையும் கிளுவையையும் வெட்டுவதுபோல் இதனை வெட்டலாகாது.

அயல்நாட்டுப் பாடம் ஒன்று

இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய நாடுகளின் தோட்டங்களில் ‘யூ’ என்னும் மரத்தை வைத்துக் கத்தரித்து, சுவர்போலவும் தூண்போலவும் நிறுத்துவர். பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பெர்மனா மாவட்டத்துக் குடியானவர் ஒருவர், மலைப்பக்கத்தில் கிளைகள் விரியாமல் நெட்டென்று வானோக்கி வளர்ந்திருந்த இரண்டு யூ செடிகளைக் கண்டெடுத்தார். ஒன்றைத் தம் தோட்டத்தில் நட்டார்; மற்றொன்றைத் தம் நிலக்கிழாருக்குக் கொடுத்தார். அது புளோரன்ஸ் கோர்ட் என்னும் மாளிகைத் தோட்டத்தில் வளர்ந்தது. இன்று உலகெங்கும் தோட்டங்களில் தூண்போல் நிற்கும் ஐரிஷ் யூ மரங்கள் அந்தத் தாய்மரத்தின் போத்துகளிலிருந்து வந்தவையே. விதையிலிருந்து வளர்ந்தவை பெரும்பாலும் அந்த நிமிர்வைக் கொள்ளாமல் சாதாரண யூ மரங்களாய் விரிந்துவிட்டன.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. நிமிர்வு என்பது கத்தியால் மட்டும் வருவதன்று. தாய்மரத்தின் குணத்தாலும் வருவது என்பது முதற்பாடம். இரண்டாவது, பிறர் மரத்துக்குரிய வெட்டை நம் மரத்தின்மேல் பிரயோகிக்கலாகாது என்பது. யூ மரம் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். நூற்றாண்டுக் கணக்கில் வெட்டைத் தாங்கும். சவுக்குக்கு அந்த வல்லமை இல்லை.

நாற்றும் நடவும்

காய்கள் பச்சை மாறிப் பழுப்பாகும்போது, நேராக வளர்ந்த, நோயற்ற மரங்களிலிருந்து மட்டும் பறிக்க வேண்டும். துணியால் மூடி வெயிலில் காய வைத்தால் காய் வாய் திறந்து விதை உதிரும். விதை மிகவும் இலேசானது. நாள்பட்டால் முளைப்புத் திறன் குன்றிவிடும். ஆகையால் காலந்தாழ்த்தாமல் மேட்டுப்பாத்தியில் தூவி, மெல்லிய மணல் போர்வையிட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைச் சுமந்து போய்விடும். பாத்தியைச் சுற்றி அதற்குத் தடை செய்வது அவசியம். நாற்று ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது பைகளுக்கு மாற்றி, ஒரு முழத்துக்குக் குறையாமல் வளர்ந்தபின் நடலாம். சவுக்கே அறியாத புதுநிலமானால், நோயற்ற பழைய தோப்பிலிருந்து வேர்முடிச்சோடு கூடிய மண் சிறிது கொணர்ந்து பை மண்ணில் கலப்பது நன்று.

தாய்மரத்தின் குணம் மாறாதிருக்க வேண்டுமானால் போத்து முறையே தக்கது. விரல் நீளமுள்ள இளந்துளிர்க் குச்சிகளை எடுத்து, அடியில் வேர்விடு பொடி தொட்டு, ஈரமுள்ள ஊடகத்தில் ஊன்றி, பாலித்தீன் கூடாரத்தில் நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். கோயமுத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரவளர்ப்பு நிறுவனம், இம்முறையில் பெருக்கத்தக்க தேர்ந்த சவுக்கு இரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் காற்றுத் தடுப்புக்கென்றே தேர்ந்தவையும் உள்ளன. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒரே தாயின் போத்துகள் யாவும் ஒரே உடம்பு போன்றவை. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். ஆதலால் இரண்டு மூன்று இரகங்களைக் கலந்தே வைக்க வேண்டும்.

நடவுக்கு ஏற்ற காலம் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒரு முழக் குழி போதும். நீர் நாட்கணக்கில் தேங்கும் பள்ளத்தைத் தவிர்க்க வேண்டும். இடைவெளியைப் பயனுக்குத் தக்கவாறு முடிவு செய்ய வேண்டும். மீட்டருக்கு மீட்டர் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 கன்றுகள் ஆகும். ஒன்றரை மீட்டருக்கு நட்டால் ஏறத்தாழ 1,800 ஆகும். நெருக்கி நட்டால் மரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே போகும், கிளை குறையும், கம்பு மெல்லியதாயிருக்கும். அகற்றி நட்டால் கம்பு பருக்கும், கிளையும் பெருகும், கவாத்து வேலையும் அதிகமாகும். அகல நட்டுவிட்டுக் கவாத்துக்கு ஆள் கூலி இல்லையென்று கைவிடுவோர், இறுதியில் விறகைத்தான் அறுவடை செய்வார்கள்.

கவாத்து செய்யும் முறை

நெசவாளருக்குப் பாவு எப்படியோ, சவுக்குக்கு நடுத்தண்டு அப்படி. பாவு தளர்ந்து கோணினால் ஊடையைக் கொண்டு அதைச் சீர் செய்ய முடியாது. நடுத்தண்டு இரண்டாகப் பிரிந்துவிட்டால் பிறகு எந்தக் கவாத்தும் அதை ஒன்றாக்காது. இதை மனத்தில் வைத்துப் பின்வரும் முறையைக் கைக்கொள்ளுக.

முதலாவது, தலைக்கொழுந்தைக் காத்தல். நட்ட முதலாண்டிலேயே கன்று தோறும் பார்த்து, இரட்டைத் தலை இருந்தால் நேரானதையும் வலியதையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். ஆடு மேய்ந்தால் தலைக்கொழுந்து போய்ப் பல தலைகள் கிளம்பும். ஆகவே முதலாண்டுக்கு வேலி கட்டாயம். “மரம் மிக உயர்கிறதே, தலையைக் கிள்ளினால் பருக்குமே” என்று சிலர் நினைப்பர். இது பெருந்தவறு. தலையைக் கிள்ளிய இடத்தில் மூன்று நான்கு கிளைகள் போட்டியிட்டு எழும். அந்தக் கவட்டில்தான் காற்றடிக்கும்போது மரம் பிளக்கும்.

இரண்டாவது, அடிக்கிளை நீக்கல். மரம் ஆள் உயரம் கடந்தபின், ஏறத்தாழ ஓராண்டு முடிவில், அடியிலிருந்து மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள கிளைகளை மட்டும் நீக்கலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் பாதி உயரம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். பத்தடி மரத்தில் மூன்றடிக்குக் கீழேயுள்ள கிளைகளை எடுத்தால் மரம் அதை உணராது. ஏழடி வரை எடுத்தால் எஞ்சுவது உச்சியில் ஒரு துடைப்பம் மட்டுமே. அடி பருக்காது, உச்சி மாத்திரம் கனக்கும், காற்றில் தூண்டிற்கோல்போல் வளையும்.

மூன்றாவது, காலம். மழை ஓய்ந்து வறண்ட பருவமான தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து கூடாது. ஈரத்தில் வெட்டுக்காயம் ஆறாது. காளான் நோய் எளிதில் புகும்.

நான்காவது, வெட்டு. விரல் பருமனுள்ள கிளைக்குச் செடிக் கத்தரியும், அதனினும் பருத்ததற்குச் சிறு ரம்பமும் உபயோகிக்கலாம். அரிவாளானால் நன்கு தீட்டியதாயிருக்க வேண்டும். கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி வெட்ட வேண்டும். மேலிருந்து வெட்டினால் கிளை தொங்கி, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தண்டில் ஆழப் புகாமலும், முளைபோல் துண்டு விடாமலும், தண்டை ஒட்டி வெட்டுவதே சரியானது. விட்ட துண்டு காய்ந்து, தடி பருக்கும்போது உள்ளே புதைந்து முடிச்சாகும். அந்த இடத்தில் கம்புக்குப் பலமில்லை. கையால் கிளையை இழுத்துக் கிழிப்பது எக்காரணத்தாலும் கூடாது.

எமது பிழை

இவ்விடத்தில் நாமே செய்த பிழையைச் சொல்லிவிடுவது நேர்மை. அரை ஏக்கர் சவுக்கு இரண்டாம் ஆண்டில் செழித்திருந்தது. அடுப்புக்குச் சுள்ளி வேண்டும் என்ற ஆசையாலும், கிளை குறைந்தால் தண்டு விரைவில் பருக்கும் என்ற எண்ணத்தாலும், புரட்டாசிக் கடைசியில் ஆட்களை விட்டு மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை கழித்துவிட்டோம். வண்டி நிறையச் சுள்ளி கிடைத்தது. ஐப்பசி மழைக்காற்று வந்தது. மரங்கள் உச்சிப் பாரத்தால் வளைந்தன. மழை நின்றபின் சில நிமிர்ந்தன, பல நிமிரவில்லை. கிழிந்த பட்டையில் மறு ஆண்டு புழு புகுந்தது. வெட்டுக் காலத்தில் அந்த அரை ஏக்கரில் கம்பென்று எடுக்க முடிந்தது சிறு பங்கே, மற்றதெல்லாம் விறகுதான். ஒரு வண்டிச் சுள்ளிக்காக நான்காண்டு உழைப்பில் பெரும்பகுதியை விற்றுவிட்டோம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பூச்சியும் நோயும்

பட்டை தின்னும் புழு, கவட்டிலும் பழைய காயத்திலும் தங்கும். எச்சமும் மரத்தூளும் சேர்ந்த கூடு பட்டையின்மேல் தொங்குவதே அதன் அடையாளம். கூட்டைத் துடைத்தெடுத்து, துளையில் கம்பியை விட்டுப் புழுவைக் கொன்று, மண்ணெண்ணெய் தோய்த்த பஞ்சால் அடைத்துக் களிமண் பூசலாம். இரட்டைத் தலையை முன்கூட்டியே நீக்கிய தோப்பில் இத்தொல்லை குறைந்திருக்கும்.

பட்டைக் கொப்புள நோய் இதனினும் கொடியது. மரம் திடீரென வாடும். பட்டை கொப்பளித்து வெடிக்கும். உள்ளே கரிப்பொடி போன்ற பூசண விதை காணப்படும். இந்த மரத்துக்கு மருந்து தேடி நாளைக் கடத்த வேண்டாம். வேரோடு அகழ்ந்து எரித்துவிட்டு, சுற்றிலும் பள்ளம் வெட்டி அடுத்த மரங்களின் வேரிலிருந்து பிரிக்க வேண்டும். நோய் கண்ட மரத்தில் பட்ட கத்தியை நெருப்பில் காட்டாமல் அடுத்த மரத்தில் வைக்கலாகாது.

கழித்த கிளைகளில் தடித்தவை அடுப்புக்கு ஆகும். ஊசிச் சருகு மெதுவாகவே மக்கும். கோடையில் அது ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும்; எனவே தோப்பின் ஓரத்தில் சில அடி அகலம் சருகின்றிக் கூட்டி வைப்பது பாதுகாப்பு.

உயிர்வேலியும் காற்றுத் தடுப்பும்

இதுகாறும் கூறியவை கம்புக்காக வளர்க்கும் மரத்துக்கு உரியவை. வேறு பயனுக்கு வேறு கவாத்து உண்டு.

தறிவீட்டின் முன் பாதைப் புழுதி வந்து பாவில் படிகிறது என்பது நெசவாளர் பலரின் குறை. வீட்டுக்கும் பாதைக்கும் இடையே ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் சவுக்கு வரிசை வைத்தால் அழகிய உயிர்வேலியாகும். இங்கே தலைக்கொழுந்தைக் கிள்ளுவதே முறை. கன்று முழங்கால் உயரத்தைத் தாண்டியவுடன் உச்சியை வெட்டிவிட்டால் அடியிலிருந்தே அடர்த்தி பிடிக்கும். பிறகு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, கயிறு பிடித்து, பசுந்துளிரை மட்டும் கத்தரிக்க வேண்டும். அடி அகன்றும் முடி குறுகியும் இருக்க வேண்டும். அப்போதுதான் அடிப்பகுதிக்கும் வெயில் கிடைக்கும். முடி அகன்றால் அடி காய்ந்து, கோழி நுழையும் சந்தாகிவிடும். இரண்டாண்டு கவனியாமல் விட்டு, பின்பு ஒரே நாளில் கட்டை தெரிய வெட்டினால், முன்பு கூறியபடி, அந்த இடம் மறுபடி பசுக்காது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது உயிர்வேலிக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். நூல் உலர்த்தும் இடத்துக்கு நேராக வைக்க வேண்டாம். உதிரும் ஊசி நூலில் சிக்கும். அண்டை வீட்டார் எல்லையை ஒட்டியும் வைக்காமல் சில அடி உள்ளே தள்ளி வைத்தால் வழக்கும் வராது.

வாழைத் தோட்டத்தின் காற்றுத் தடுப்புக்கோ இதற்கு மாறான விதி. அங்கே அடிக்கிளையை நீக்கவே கூடாது. நீக்கினால் காற்று அடியில் புகுந்து வேகமாகப் பாயும். காற்று வரும் திக்கில் இரண்டு மூன்று வரிசை வைத்து, தலையையும் அடிக்கிளையையும் அப்படியே விட்டுவிடுவதே சிறந்தது.

சங்கத்தின் கடமை

நன்கு கவாத்து செய்த மரத்துக்கும் விலை தானாக வந்துவிடாது. நின்ற மரத்தைக் கண்மதிப்பில் விற்பதே நம்மவர் பலரின் வழக்கம். வாங்குபவருக்குக் கண் பழகியிருக்கிறது, விற்பவருக்குப் பழகவில்லை. சென்ற வெட்டில் நம் அங்கத்தினர் ஒருவர், தம் கொல்லையில் பல இடங்களில் பத்துப் பத்து மரங்களாகச் சுற்றளவு எடுத்து, கம்புக்கு ஆவது இத்தனை, கூழுக்கு ஆவது இத்தனை என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பின்னரே பேரத்துக்கு உட்கார்ந்தார். முதலில் கேட்ட விலைக்கு அவர் இசையவில்லை. கம்பைத் தனியாகவும் எஞ்சியதை எடையாகவும் விற்றார். இதற்கு அவர் செலவிட்டது ஒரு நாளும் ஓர் அளவு நாடாவும்தான். இக்காரியத்தைத் தனித்தனியே செய்வதைவிட ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் வெட்டி, ஒரே எடைமேடையில் நிறுத்தால் வண்டிக் கூலியும் குறையும். பேரத்தில் பலமும் கூடும். கூட்டுறவு என்பது இதற்காகவன்றோ?

ஆகவே அங்கத்தினர்கள் வரும் தை மாதம் தத்தம் கொல்லைக்குச் சென்று, வரிசை வரிசையாக நடந்து, முதலில் இரட்டைத் தலைகளை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். அந்த எண்ணிக்கையே, கவனியாமல் விட்டால் விறகாகப் போகவிருக்கும் மரங்களின் எண்ணிக்கை. கத்தியைத் தீட்டிக்கொண்டு போங்கள். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு திரும்புங்கள்.